தூய கைகள்: டாக்டர் மேரி பூனன் லூக்கோஸ் அம்மையார்

அறுவைச் சிகிச்சை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது பளபளக்கும் கத்தி. அக்கத்தியைப் பிடித்த கையின் திறமையை வியக்கிறோம், போற்றுகிறோம். ஆனால் மருத்துவ வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போமானால் வேறோர் உண்மை விளங்கும். 1846-ஆம் ஆண்டில் ஈதர் மயக்கம் வந்தது. நோயாளியின் வலி போயிற்று. மரணம் போயிற்றா? இல்லை. அறுவை செவ்வனே முடிந்தது என்று மருத்துவர் மகிழ்ந்த நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ காயம் சிவக்கும், சீழ் கட்டும், காய்ச்சல் ஏறும், நோயாளி மாண்டு போவார். கத்தியோடும் கையோடும் துணியோடும் உடலுக்குள் புகுந்த, கண்ணுக்குத் தெரியாத கிருமியே அவரைக் கொன்றது.

அந்தக் கிருமியை எதிர்த்து, நாம் பயிலும் இத்திருவனந்தபுரம் நகரிலே தம் வாழ்நாளைச் செலவிட்ட பெருமாட்டி ஒருவர் உண்டு. அவர் பெயர் டாக்டர் மேரி பூனன் லூக்கோஸ். அவர் தமிழர் அல்லர். ஆயினும் தமிழ் மாணவராகிய நாம், சிறப்பாகக் குமரி மாவட்டத்திலிருந்து இங்கு வந்து பயில்வோர், அவரை மறத்தற்கில்லை. ஏன் என்பது போகப்போக விளங்கும்.

பிறப்பும் கல்வியும்

கோட்டயத்தை அடுத்த அய்மனம் என்னும் ஊரில் 1886-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2-ஆம் நாள் மேரி பிறந்தார். தந்தையார் டாக்டர் டி. இ. பூனன், திருவிதாங்கூரின் முதல் மருத்துவப் பட்டதாரி. அரண்மனை மருத்துவராக விளங்கியவர். தாயார் உடல்நலம் குன்றியிருந்தமையால், ஒரே குழந்தையான மேரியை ஆங்கிலேயச் செவிலியர் வளர்த்தனர்.

இங்கே ஒரு வியப்பான ஒற்றுமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மேரி பிறப்பதற்கு மூன்று நாள் முன்னர், 1886 ஜூலை 30 அன்று, புதுக்கோட்டையில் மற்றொரு பெண் குழந்தை பிறந்தது. அக்குழந்தைதான் பின்னாளில் தமிழகம் கொண்டாடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். இருவரும் சுதேச சமஸ்தானங்களில் பிறந்தவர்கள். இருவரும் ஆடவர் கல்லூரியின் கதவைத் தட்டியவர்கள். இருவரும் மருத்துவராகிச் சட்டசபையிலும் அமர்ந்தவர்கள். ஒரே வாரம் தென்னாட்டுக்கு இரண்டு பெருமாட்டிகளைத் தந்தது!

மேரி, திருவனந்தபுரம் ஹோலி ஏஞ்சல்ஸ் கான்வென்ட் பள்ளியில் படித்து மெட்ரிகுலேஷன் தேர்வில் முதன்மையாகத் தேறினார். தந்தையைப் போல் மருத்துவராக வேண்டும் என்றால் அறிவியல் பாடம் வேண்டும். இன்று பல்கலைக்கழகக் கல்லூரி என்று நாம் அழைக்கும் அன்றைய மகாராஜா கல்லூரியிலே அவர் அறிவியல் வகுப்புக்கு விண்ணப்பித்தார். மனோன்மணீயம் இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை கற்பித்த கல்லூரி அது. அப்புகழ்பெற்ற கல்லூரி, பெண் என்ற ஒரே காரணத்தைக் காட்டி அவருக்கு அறிவியல் வகுப்பை மறுத்துவிட்டது! வேறு வழியின்றி அவர் வரலாறு பயின்றார். கல்லூரி முழுமைக்கும் அவர் ஒருவரே மாணவி. 1909-இல் பி.ஏ. பட்டம் பெற்றார்.

மறுக்கப்பட்ட அறிவியலைத் தேடி அவர் கடல் கடந்தார். லண்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1915-இல் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றார். கேரளத்துப் பெண்களில் லண்டனில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல்வர் அவரே. பின்னர்க் குழந்தை மருத்துவப் பயிற்சிக்கு லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு மருத்துவமனைக்கும், மகப்பேற்று மருத்துவப் பயிற்சிக்கு அயர்லாந்தின் டப்ளின் நகரத்து ரொட்டண்டா மருத்துவமனைக்கும் சென்றார்.

ரொட்டண்டா தந்த பாடம்

இந்த ரொட்டண்டா மருத்துவமனையைப் பற்றி நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். 1745-இல் தோன்றிய மகப்பேற்று மருத்துவமனை அது. பிள்ளை பெற்ற தாய்மாரை வாரி விழுங்கிய பிரசவக் காய்ச்சல் என்னும் கொடிய நோய் அதையும் விட்டுவைக்கவில்லை.

பிரசவக் காய்ச்சல் எதனால் வருகிறது? பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்த பிறகு, அது ஒட்டியிருந்த இடம் கருப்பைக்குள் ஒரு திறந்த புண்ணாக இருக்கும். வெளியிலிருந்து கிருமி அங்கே போய்ச் சேர்ந்தால் இரத்தம் முழுதும் நஞ்சாகும். அறுவைப் புண்ணில் கிருமி புகுவதற்கும் இதற்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை. ஆகவே பிரசவ அறையின் கதையும் அறுவை அரங்கின் கதையும் ஒன்றே எனலாம்.

1829-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரொட்டண்டாவின் தலைவராயிருந்த ராபர்ட் காலின்ஸ் ஒரு காரியம் செய்தார். வார்டுகளை ஒவ்வொன்றாகக் காலி செய்து, மூடி, குளோரின் புகையால் நிரப்பினார். தரையையும் மரச்சாமான்களையும் குளோரின் சுண்ணாம்பு பூசிக் கழுவினார். சுவர்களுக்கு வெள்ளையடித்தார். படுக்கைத் துணிகளை வெப்ப அறையில் வாட்டினார். அன்று முதல் 1833 நவம்பரில் அவர் பதவி விட்டு நீங்கும் வரையில் அங்கே ஒரு தாய்கூடப் பிரசவக் காய்ச்சலால் இறக்கவில்லை. கிருமி என்ற ஒன்று உண்டு என்பதையே உலகம் அறியாத காலம் அது!

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1847-இல், வியன்னா நகரத்தில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் மற்றொரு படி மேலே சென்றார். பிணங்களை அறுத்துப் பார்த்த கையோடு பிரசவ அறைக்கு வரும் மருத்துவர்களே மரணத்தைச் சுமந்து வருகிறார்கள் என்று அவர் கண்டார். குளோரின் நீரில் கை கழுவிய பின்னரே உள்ளே வரவேண்டும் என்று விதித்தார். அவ்வாண்டு ஏப்ரலில் 100 தாய்மாருக்கு 18 பேர் என்றிருந்த சாவு, ஜூனில் ஏறக்குறைய 2 ஆகக் குறைந்தது. ஆனால் உடன் பணியாற்றிய மருத்துவர் பலர் அவரை ஏற்கவில்லை. தம் கையே கொன்றது என்று ஒப்புக்கொள்ள எவருக்குத்தான் மனம் வரும்? 1867-இல் லிஸ்டர் என்னும் பேரறிஞர் கார்பாலிக் அமிலத்தால் அறுவைப் புண்களைக் காக்கும் முறையை வெளியிட்டார். 1879-இல் பாஸ்டர் பிரசவக் காய்ச்சலின் கிருமியை இன்னதென்று பாரிஸ் நகரத்து அறிஞர் அவையிலே வரைந்து காட்டினார். அதன் பின்னரே உலகம் நம்பியது.

நம் மேரி அம்மையார் ரொட்டண்டாவில் பயின்ற காலத்தில் இவை யாவும் முடிந்த வரலாறு. கருவிகளைக் கொதிக்க வைத்தல், துணிகளை நீராவியில் இடுதல், நகத்தை வெட்டிக் கையையும் முழங்கை வரையிலும் சோப்பிட்டுத் தேய்த்துக் கழுவுதல், ரப்பர்க் கையுறை அணிதல் ஆகிய யாவும் அங்கே அன்றாட ஒழுக்கமாகி இருந்தன.

தைக்காட்டில்

1916-இல் மேரி தாயகம் திரும்பினார். தைக்காட்டிலுள்ள பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையில் மகப்பேற்று மருத்துவராகப் பதவி ஏற்றார். அதன் கண்காணிப்பாளர் பொறுப்பும் அவரைச் சேர்ந்தது. 1917-இல் வழக்கறிஞர் கே. கே. லூக்கோஸ் அவர்களை மணந்தார். கணவர் பின்னர்த் திருவிதாங்கூர் உயர்நீதிமன்ற நீதிபதியானார்.

அன்றைய திருவனந்தபுரத்தைச் சற்றே கற்பனை செய்து பாருங்கள். நகருக்கு மின்விளக்கு வந்தது 1929-இல். குழாய்த் தண்ணீர் வந்தது 1933-இல், அருவிக்கரையில் குடிநீர் நிலையம் திறந்த போது. அதாவது, அம்மையார் பணி ஏற்ற நாளில் குழாயைத் திருகினால் நீர் வராது. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியாது. கிணற்று நீரை இறைத்துக் காய்ச்சித்தான் கை கழுவ வேண்டும். கருவியைக் கொதிக்க வைக்க வேண்டும். டப்ளினில் எளிதாக நடந்த ஒழுக்கம் இங்கே ஒவ்வொரு குடம் நீருக்கும் ஆள் தேடும் உழைப்பாக இருந்தது.

இவற்றினும் பெரிய தடை ஒன்று இருந்தது. அது மக்களின் அச்சம். மதிப்புள்ள குடும்பத்துப் பெண் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறுவதா? அது குலத்துக்கு இழுக்கு என்று கருதிய காலம் அது. வசதியுள்ளோர் வீட்டிலே பெற்றனர். திக்கற்றோரே ஆஸ்பத்திரிக்கு வந்தனர்.

இந்த அச்சத்தை நாம் வெறும் அறியாமை என்று தள்ளிவிடலாமா? கூடாது. வியன்னாவின் கதையை நினைவிற் கொள்க. செம்மல்வைஸின் மருத்துவமனையிலே, மருத்துவர் பிரிவில் சேர்க்காதீர் என்று தாய்மார் கண்ணீர் விட்டு மன்றாடினார்கள். வீட்டில் பெற்றவள் பிழைக்க, ஆஸ்பத்திரியில் பெற்றவள் மாண்டது அங்கே கண்கண்ட உண்மை. தூய்மையற்ற மருத்துவமனை வீட்டைவிடக் கொடியது. ஆகவே, ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று ஊரை அழைக்கும் மருத்துவருக்கு ஒரு கடமை உண்டு. அந்த ஆஸ்பத்திரி வீட்டினும் பத்திரமானது என்று அவர் மெய்ப்பித்துக் காட்ட வேண்டும்.

அம்மையார் எப்படி மெய்ப்பித்தார்? மேடை ஏறிப் பேசி அன்று. தமக்கு முதற்பிள்ளை பிறக்கும் காலம் வந்தபோது, தைக்காட்டு மருத்துவமனையிலேயே படுத்துப் பெற்றெடுத்தார். அரண்மனை மருத்துவரின் மகள், வழக்கறிஞரின் மனைவி, லண்டனில் பட்டம் பெற்றவர். அவர் விரும்பியிருந்தால் வீட்டிற்கே எல்லாம் வந்திருக்கும். எந்த அறையை நாட்டுப் பெண்களுக்குப் பத்திரமானது என்று சொன்னாரோ, அந்த அறையிலேயே தம் உயிரையும் குழந்தையின் உயிரையும் ஒப்படைத்தார். இதைவிடப் பெரிய உறுதிமொழி வேறென்ன வேண்டும்?

வயிற்றைத் திறந்த அறுவை

கேரளத்தின் முதல் சிசேரியன் அறுவையை அம்மையார் 1920-இல் செய்தார் என்று கூறுவர். இன்று நம் குடும்பங்களில் சிசேரியன் சாதாரணச் சொல்லாகிவிட்டது. அன்று அது எத்தகைய துணிவு என்பதை உணர வேண்டுமானால் இரண்டு செய்திகளை அறிய வேண்டும்.

முதலாவது: அவ்வறுவையில் வயிற்றையும் திறக்க வேண்டும், கருப்பையையும் திறக்க வேண்டும். 1882-இல் ஜெர்மனியின் மாக்ஸ் சேங்கர் என்பவர் கருப்பைக் காயத்தைச் செவ்வையாகத் தைத்து மூடும் முறையைக் கண்டு சொல்லும் வரையில், அவ்வறுவைக்கு உள்ளான தாய்மாரில் பெரும்பாலோர் குருதிப்பெருக்காலோ கிருமியாலோ மாண்டனர்.

இரண்டாவது: கிருமி உள்ளே புகுந்துவிட்டால் அதைக் கொல்ல 1920-இல் மருந்தே இல்லை. சல்பா வகையின் முதல் மருந்து 1935-இல்தான் வெளிவந்தது. அதைக் கொண்டு பிரசவக் காய்ச்சலைத் தணிக்கலாம் என்று லண்டனில் கோல்புரூக் காட்டியது 1936-இல். பெனிசிலின் பொதுமக்கள் கைக்கு எட்டியது இரண்டாம் உலகப் போரின் இறுதியில். இன்று அறுவைக்கு முன் ஊசி ஒன்று போட்டு, பின்னும் மருந்து கொடுத்து நோயாளியைக் காக்கிறார்கள். அன்று அந்தக் காவல் ஒன்றும் கிடையாது. காய்ச்சிய நீர், கொதித்த கருவி, வெந்த துணி, கழுவிய கை என்னும் இந்நான்குமே கோட்டையும் அகழியும் ஆயின. அவற்றில் ஒன்று தவறினாலும் உயிர் போயிற்று.

அம்மையார் பணியாற்றிய முதல் இருபது ஆண்டுகள் முழுதும் இப்படிப்பட்ட காலமே. ஆதலின் அவர் செய்த முதல் அறுவையைப் புகழும் நாம், அதன் பின்னே நின்ற ஆயிரமாயிரம் கை கழுவல்களையும் சேர்த்தே புகழ வேண்டும்.

மருத்துவச்சிகளின் மக்கள்

மருத்துவமனைக்கு வருவோர் சிலர். வீட்டிலே பெறுவோர் பலர். வீட்டிலே பேறு பார்ப்பவர் ஊர் மருத்துவச்சி. அனுபவம் மிக்கவர், அன்பு உள்ளவர், ஆனால் கிருமியை அறியாதவர். காய்ச்சாத கத்தியாலோ அரிவாளாலோ தொப்புள்கொடி அறுபட்டால் என்ன ஆகும்? மண்ணிலும் சாணத்திலும் வாழும் ஜன்னிக்கிருமி கொடி வழியே ஏறும். நன்றாகப் பால் குடித்த குழந்தை ஏழாம் நாள் அளவில் வாய் திறக்க மாட்டாது விறைத்து மடியும். பேய் அடித்தது என்பார்கள்.

மருத்துவச்சியைத் திட்டுவதாலோ சட்டம் போட்டுத் தடுப்பதாலோ பயன் உண்டா? பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சுபவர் பகைவராவாரே அன்றி மாணவராகார். அம்மையார் கண்ட வழி மிக நுட்பமானது. மருத்துவச்சிகளின் மக்களையே அழைத்துத் தைக்காட்டு மருத்துவமனையில் மகப்பேற்றுப் பயிற்சி அளிக்கலானார். தாயின் தொழில் மகளுக்கே கிடைக்கும். ஆனால் மகள் காய்ச்சிய கருவியோடும் கழுவிய கையோடும் செல்வாள். இதனால் மருத்துவச்சிகளின் நல்லெண்ணம் மருத்துவமனையின் பக்கம் திரும்பியது. ஒரு சமுதாயத்தின் பழக்கத்தை மாற்ற விரும்புவோர் இதிலிருந்து கற்க வேண்டுவது மிகுதி.

பச்சிளங் குழந்தைகளின் ஜன்னி நோயை இந்தியா ஒழித்துக் கட்டுப்படுத்தியதாக அறிவிக்கப்பட்டது 2015-இல். தடுப்பூசியும் தூய பேறும் சேர்ந்து பெற்ற வெற்றி அது. அவ்வெற்றியின் வேரில் இத்தகைய பயிற்சிக் கூடங்கள் உண்டு என்பதை மறவாதிருப்போம்.

துறையின் தலைமையில்

1924-இல், மகாராணி சேது லட்சுமி பாய் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற ஆண்டில், அம்மையார் மருத்துவத் துறையின் தற்காலிகத் தலைமையைப் பெற்றார். திருவிதாங்கூர்ச் சட்டசபையில் அமர்ந்த முதல் பெண்ணும் அவரே. 1938-இல் சர்ஜன் ஜெனரல் என்னும் முழுப் பதவி கிடைத்தது. 32 அரசாங்க மருத்துவமனைகள், 40 மருந்தகங்கள், 20 தனியார் நிலையங்கள் அவர் மேற்பார்வையில் இருந்தன. அமெரிக்க நாட்டில் அப்பெயருடைய பதவிக்கு ஒரு பெண் வந்தது 1990-இல்தான். அங்குள்ள பதவியின் தன்மை வேறு. என்றாலும் ஒப்பிட்டுப் பார்க்கையில் திருவிதாங்கூரின் பெருமை விளங்குகிறது. அறிவியல் வகுப்பில் ஓர் இருக்கை மறுக்கப்பட்ட பெண், அந்நாட்டின் மருத்துவர் அனைவருக்கும் தலைவரானார்!

அவர் காலத்தில் தோன்றியவற்றுள் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, திருவனந்தபுரத்தில் நிறுவிய எக்ஸ்ரே ரேடியம் நிலையம். மற்றொன்று, நாகர்கோயில் காசநோய் மருத்துவமனை. குமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்தது அன்றோ? காசநோய்க்கு மருந்தில்லாத நாளில் நல்ல காற்றும் ஓய்வும் ஊட்டமுமே சிகிச்சை. அத்தோடு, இருமலால் பரவும் நோயுடையோரைத் தனி இடத்தில் வைத்துப் பேணுவது, பொது மருத்துவமனையில் புண்ணோடும் பலவீனத்தோடும் படுத்திருப்போருக்குக் காவலாகும். நாகர்கோயிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்தில் இருந்த அக்காசநோய் மருத்துவமனை வளாகத்திலேதான் இன்று கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி நடைபெறுகிறது. நம்மூர்ப் பிள்ளைகள் மருத்துவம் பயிலும் மண்ணில் அம்மையாரின் கை பட்டிருக்கிறது.

திருவனந்தபுரத்தில் இளம் பெண்கள் கிறித்தவச் சங்கம் 1918-இல் தோன்றியபோது அதன் தலைவரான அவர், 1968 வரை ஐம்பது ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். மகாராஜா அவருக்கு வைத்திய சாஸ்திர குசலா என்னும் பட்டம் அளித்தார். 1975-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1976-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், தமது தொண்ணூறாம் வயதில் அம்மையார் மறைந்தார்.

நமக்கு எஞ்சுவது

பழைய கதை, இன்று மருந்துகள் மலிந்துவிட்டன, இனிக் கிருமியைப் பற்றி என்ன கவலை என்று நண்பர் சிலர் நினைக்கலாம். அந்த நினைப்பே இன்றைய ஆபத்து. மருந்து இருக்கிறது என்ற தைரியத்தில் கை கழுவுதலில் சோம்பல் புகுகிறது. சாதாரணச் சளிக்கும் கிருமிக்கொல்லி மாத்திரை விழுங்குகிறோம். இரண்டு நாளில் நிறுத்திவிடுகிறோம். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன. அவை அறுவைப் புண்ணில் புகுந்தால் மருத்துவர் கையில் ஆயுதம் இல்லை. இதனை உணர்ந்தே கேரள அரசு 2018-இல் மருந்தை மீறும் கிருமிகளுக்கு எதிரான செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. மருந்து தோற்கும் இடத்தில் நாம் மீண்டும் 1920-க்கே போய் நிற்கிறோம். அங்கே நம்மைக் காக்க இருப்பவை அம்மையாரைக் காத்த அதே நான்கு பொருள்கள்தாம்.

மருத்துவம் பயிலும் நண்பர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. கலையும் அறிவியலும் பயிலும் நாம் என்ன செய்யலாம்? அறுவை முடிந்து படுத்திருக்கும் உறவினரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். கூட்டமாகப் போகாதிருப்போம். வாயிலிலேயே கையைச் சோப்பிட்டுக் கழுவுவோம். நோயாளியின் கட்டிலில் உட்காராதிருப்போம். கட்டுத்துணியைத் தொட்டுப் பாராதிருப்போம். சளியோ காய்ச்சலோ நமக்கு இருந்தால் அன்று போகாமலே இருப்போம். மருத்துவர் எழுதாத கிருமிக்கொல்லியை வாங்காதிருப்போம். எழுதியதை இடையில் நிறுத்தாதிருப்போம். செலவில்லாத செயல்கள் இவை. ஆனால் ஓர் உயிரின் விலை பெறுவன.

தைக்காட்டு வழியாகப் பஸ்ஸில் நாம் பலமுறை போகிறோம். மருத்துவமனையின் வாயிலில் குழந்தையைத் துணியில் சுற்றி ஏந்திக்கொண்டு தாய்மார் வீடு திரும்புவதைப் பார்க்கிறோம். அது அன்றாடக் காட்சியாகிவிட்டது. அவ்வாறு அன்றாடக் காட்சியாகும்படி செய்ததே மேரி பூனன் லூக்கோஸ் அம்மையாரின் வாழ்வுப் பயன்.